கயிற்றுக் கிடங்கில் பத்துப் பேர்

மட்டாஞ்சேரியில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. கொல்ல வேண்டுமானால் மழைதான் கொல்லும். எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடி மழையில், கடை வராந்தாக்களில் படுத்திருந்தவர்களில் இரண்டு பேர் செத்துப்போன பிறகு நகரசபைக்கு மனசு இளகியது. பூட்டிக் கிடந்த கயிற்றுக் கிடங்கு ஒன்றைத் திறந்து, பாயும் ராத்திரிக் கஞ்சியும் தரப் பணம் ஒதுக்கினார்கள். இளகிய மனசுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு எண்ணும்போது பத்துப் பேருக்குக் குறைந்தால் கிடங்கை மூடிவிடுவார்கள்.

மாயம்மாளுக்கு அந்தப் பத்துதான் கவலை. பஜாரில் சுக்குப் புடைக்கிற வேலை அவளுக்கு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷம் ஒரே வராந்தாவில் தனியாகப் படுத்தவள். காய்ச்சலில் மூன்று நாள் சுருண்டு கிடந்தபோதுகூட மாயம்மா எங்கே என்று ஒரு குரல் கேட்கவில்லை. கிடங்கில் அப்படியில்லை. யாராவது இருமுவார்கள், யாராவது அவர்களைத் திட்டுவார்கள். பக்கத்தில் இருமல் கேட்டால்தான் அவளுக்கு நல்ல தூக்கமே வந்தது. கூரைக்காகத்தான் இருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் ஆட்கள் நழுவினார்கள். குற்றம் சொல்ல முடியாது. கிடங்கிலிருந்து பஜார் தூரம். விடியும் முன்னே பஜாரில் நிற்காத கைவண்டிக்காரனுக்கு மூட்டை கிடைக்காது. இருபது பேர் பதினைந்தாகி, பத்தில் வந்து நின்றது. சனிக்கிழமை காலையில் கைவண்டிக்காரப் பிச்சைமணியும் பாயைச் சுருட்டினான்.

"இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேம்டே," என்றாள் மாயம்மாள்.

"எண்ணிக்கைக்கு இருந்தா வயிறு நெறையுமாக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் போயேவிட்டான்.

அவளையும் சேர்த்து மீதி ஒன்பது. வேலை முடிந்த கையோடு அவள் படகுத்துறைக்கு நடந்தாள். அங்கே கொட்டகையில் மீன் விற்கிற பேச்சி தனியாகப் படுப்பது அவளுக்குத் தெரியும். பேச்சி லேசில் அசைகிறவள் இல்லை. கூட்டத்தில் படுத்தால் கூடை களவு போய்விடும் என்றாள்.

"கூடைய என் தலமாட்டுல வச்சுக்கிடுதேன். களவு போனா நான் பொறுப்பு. காலைல சாயாவும் வாங்கித் தாரேன், வா தாயி," என்று மாயம்மாள் கெஞ்சினாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் அவள் இவ்வளவு பேசியதில்லை. ஒருவழியாகப் பேச்சி எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

கிடங்கு வாசலில் சுகாதார இன்ஸ்பெக்டர் ராமபத்ரன் குடையோடு நின்றிருந்தார். பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷர். முடிவெடுக்கிற அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

"பத்தாவது ஆளக் கூட்டியாந்துட்டேன் சாரே!"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "எங்கே போயிருந்தே மாயம்மா? மேலாபீஸர் வந்து எண்ணிட்டுப் போயாச்சு. ஒம்பது பேர்."

"அதான் பேச்சி வந்துட்டால்லா?"

"பிச்சைமணி தானாவே திரும்பி வந்துட்டான். மழையிலே வண்டி ஓடலையாம். அவனையும் சேர்த்துத்தான் ஒம்பது. நீ இருந்திருந்தா பத்து."

மாயம்மாள் உள்ளே பார்த்தாள். பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் பேரை நாலு தடவை வாசிச்சார்," என்றார் ராமபத்ரன். "எல்லாருமா வாசல்ல வந்து நின்னு மாயம்மா, மாயம்மான்னு தொண்டை கிழியக் கத்தினா. நீ வரலை. கடைசியிலே ஆளில்லைன்னு எழுதி, புஸ்தகத்தையும் கையோட கொண்டுபோயிட்டார். நாளைக்குக் காலம்பற பூட்டணும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவள் பெயரைச் சொல்லி யாரும் தேடியதில்லை. தேடிய ஒரே நாளில் அவள் படகுத்துறையில் நின்று ஒரு மீன்கூடைக்கு ஜாமீன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.