கொல்லையில் வைத்த மெஷின்

சிதம்பரத்தில் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் கனகசபேசன் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு மாட்டுப்பெண் பிரியம்வதாவுக்கு மாதத்தில் மூன்று நாள்தான் வாழ்க்கை. மிச்ச நாளெல்லாம் பாத்திரம். நான் கூட்டிச் சொல்வதாக நினைத்தால், ஒருநாள் வந்து அந்த அடுக்களை சிங்க்கைப் பாருங்கள்.

காபிக்கு ஒரு ஈடு, நைவேத்தியத்துக்கு ஒரு ஈடு, சாப்பாட்டுக்கு ஒரு ஈடு, டிபனுக்கு ஒரு ஈடு. அதையும் மொத்தமாகப் போட்டுத் தேய்த்துத் தொலைக்க முடியுமா? முடியாது. சாதம் வடித்தது, குழம்பு கொதித்தது எல்லாம் பத்து, அதாவது சமைத்தது பட்ட தீட்டு. பால், தயிர்ப் பாத்திரங்கள் பத்தோடு சேரக்கூடாது. சாப்பிட்ட தட்டு எச்சில், அது இரண்டோடும் சேரக்கூடாது. ஒன்றைத் தேய்த்து, கையை அலம்பி, சிங்க்கை அலம்பி, அப்புறம் அடுத்தது. வேலைக்கு ஆள் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் மாமியார் சாரதாம்பாள் காதைப் பொத்திக்கொள்வாள். சுவாமிக்குச் சமைக்கிற இடத்துக்குள் வெளியாள் வரவே கூடாதாம். ஆகவே பிரியம்வதாவின் விரலிடுக்கெல்லாம் சோப்பு அரித்து வெடித்துக் கிடந்தது.

அந்த மூன்று நாள் விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் மாதவிலக்காகித் தூரமான நாளில் அந்த வீட்டு அடுக்களை நிலையைத் தாண்டக் கூடாது. மாமனார் கனகசபேசன் தினமும் பூஜை செய்கிறவர். ஒதுங்கி இருக்கத் தனி அறையும் கிடையாது. பழைய நாளில் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டாவது இருந்திருப்பார்கள். கிணற்றை மூடி, தேய்க்கிற கல்லையும் பெயர்த்துவிட்டு வாஷிங் மெஷினுக்குத் தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது. கல்யாணமான புதிதில் சாரதாம்பாள்தான் வழி சொன்னாள். "கடலூர்ல உன் அக்கா ஆம் இருக்கே. அங்க போயிருந்துட்டு, தலைக்குக் குளிச்சுட்டு வந்துடு."

முதல் தடவை பிரியம்வதா பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள். வீட்டை விட்டுத் துரத்துகிறார்களே என்று அழுகை. திரும்பி வரும்போதும் அழுதாள். அது திரும்பி வர வேண்டியிருக்கிறதே என்று.

செம்மண்டலத்தில் அக்கா தாட்சாயிணி வீட்டில் அவள் நினைத்தபோது எழுந்திருக்கலாம். "இங்க தூரமும் கிடையாது, கீரமும் கிடையாது. போய் உனக்கு வேணுங்கற காபியை நீயே போட்டுக்கோ போ" என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். சாயங்காலம் ஸ்கூட்டரில் தேவனாம்பட்டினம் கடற்கரை. காகிதத்தில் சுற்றிய மிளகாய் பஜ்ஜி. சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தைக் கசக்கித் தொட்டியில் போட்டால் தீர்ந்தது, கழுவ ஒன்றுமில்லை! அக்கா வீட்டுக் குளியலறையில் அவளுக்கென்று ஒரு பச்சை டூத் பிரஷ் இருந்தது. அலமாரியில் ஒரு நைட்டி, பாதி படித்த நாவல்.

மாதாமாதம் அந்த நாள் வந்ததும் சாரதாம்பாள் "இந்த மாசமும் இல்லையா" என்று பெருமூச்சு விடுவாள். பிரியம்வதாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பையை எடுப்பாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் முகம் தானாக மலர்ந்துவிடும். பாவம்தான், ஆனால் என்ன செய்வது?

இப்படி இருக்கையில் அவள் கணவன் சிவராம் ஒருநாள் தட்டில் சாதம் பரிமாறிய அவள் கையைப் பார்த்துவிட்டான். கல்லூரி ஆபீஸில் வேலை, நல்ல பிள்ளை. ஆறு வருஷம் கழித்துப் பார்த்தான் என்பதுதான் குறை. பார்த்தவன் பதறிப்போனான்.

"அம்மா, டிஷ்வாஷர் ஒண்ணு வாங்கிடலாம்மா. இவ கையைப் பாரு."

"நன்னா இருக்குடா! நாள் பூரா எச்சிலை ஒரு பெட்டியில பூட்டி, நைவேத்யம் பண்ற அடுக்களையில வெச்சுக்கறதா?"

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றார் கனகசபேசன். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

பிரியம்வதாவுக்கு ஆசை வந்துவிட்டது. இந்த வீட்டில் அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதை விடுவதாக இல்லை. பத்துக்குத் தனியாக ஓட்டலாம், பாலுக்குத் தனியாக ஓட்டலாம் என்று மாமியாரின் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் ஒரு அபாரமான யோசனை தோன்றியது. அதைச் சொன்ன வாயை அவளே அப்புறம் அறைந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அம்மா, அடுக்களையில வெச்சாத்தானே எச்சில்? கொல்லையில வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல வெச்சுடலாம். குழாய் இருக்கு, கரண்ட் இருக்கு. அது அடுக்களையே இல்லையே!"

சாரதாம்பாள் எழுந்து விளக்கேற்றப் போய்விட்டாள். மறுநாள் காலையில் பூத்தொடுத்துக்கொண்டே, "யோசிச்சுப் பார்த்தேன். கொல்லையில வெக்கறதா இருந்தா வாங்கலாம்" என்றாள். என்ன யோசித்தாள் என்று சொல்லவில்லை. பிரியம்வதாவும் கேட்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

சனிக்கிழமை காலை மாமனார் பூஜைக்காக வீட்டிலேயே தங்கிவிட, மூவரும் காரில் கடலூருக்குக் கிளம்பினார்கள். கடையில் கதிர்வேல் என்ற விற்பனையாளர் மெஷின் கதவைத் திறந்து காட்டினார்.

"எண்ணெய்ப் பிசுக்கு எதுவா இருந்தாலும் போயிடும்மா. சோத்துப் பருக்கைய மட்டும் தட்டிவுட்டுட்டு அடுக்குனா போதும்."

"ஒரே நாள்ல மூணு நாலு தடவை ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டலாம். கரண்டு கொஞ்சம் ஜாஸ்தி ஆவும், அவ்ளோதான். கொல்லையில வெக்கிறவுங்களும் இருக்காங்க. இப்ப சொன்னீங்கன்னா சாயங்காலமே சிதம்பரத்துல கொண்டாந்து மாட்டிக் குடுத்துடுவோம்."

சிவராம் அவரோடு விவரம் பேசப் போனான். சாரதாம்பாள் மாட்டுப்பெண்ணின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வாஞ்சை.

"பிரியா, நான் எதுக்கு சரின்னேன் தெரியுமோ? இனிமே நீ மாசாமாசம் பையைத் தூக்கிண்டு கடலூருக்கு அலைய வேண்டாம். மெஷின் கொல்லையிலன்னா இருக்கப்போறது? நீ உள்ள வராம அங்கேயே நின்னுண்டு பாத்திரத்தை அடுக்கிப் பட்டனைத் தட்டிடு. கழுவினதும் நான் ரெண்டு சொட்டு ஜலம் தெளிச்சு உள்ள எடுத்துண்டுடறேன். பக்கத்துலயே உனக்கு ஒரு கட்டில் போடச் சொல்றேன். நீ இல்லாத நாள்ல எனக்கும் முழங்கால் விட்டுப் போறதுடி. உனக்கும் அலைச்சல் மிச்சம்."

 கடற்கரை, பஜ்ஜி, பாதி நாவல் எல்லாம் பிரியம்வதாவின் கண்ணெதிரே போயிற்று. ஐயோ, நானே பேசி, நானே வாதாடி, நானே கதவைச் சாத்திக்கொண்டேனே!

"அம்மா... மெஷினை அடுக்களையிலேயே வெச்சுடலாமா? கொல்லையில வெயிலும் மழையும்..."

"நீதானேடி கொல்லைன்னே! வாரம் பூரா என் காதுல ஓதினது யாரு?"

"அப்ப வேண்டாம்மா. மெஷினே வேண்டாம். நான் கையாலயே தேய்ச்சுக்கறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

சாரதாம்பாளின் கண் கலங்கிவிட்டது. "சிவராம், இங்க வாடா! உன் பொண்டாட்டி சொல்றதைக் கேளு. செலவாகுமேன்னு வேண்டாங்கறா. இப்படி ஒரு மாட்டுப்பொண்ணு யாருக்குடா கிடைப்பா? எப்படிப்பட்ட கை, அது இனிமே புண்ணாகப்படாது. இருக்கறதுலயே பெரிசாப் பாத்து வாங்கு."

பெரிதாகவே வாங்கினார்கள்.

திரும்பும் வழியில் தாட்சாயிணி வீட்டில் காபி. பிரியம்வதா குளியலறைக்குப் போனாள். குவளையில் அவளுடைய பச்சை டூத் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை, இங்கே இருந்துவிட்டுப் போகக்கூடாதா? நாள் நெருங்கித்தான் இருந்தது. இரண்டு மூன்று நாள் முந்தி வருவது உலகத்தில் இல்லாததா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பொய் சொல்லத் துணிந்தாள்.

வெளியே வந்தவள் கூடத்துக்குள் நுழையாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அப்படி நின்றாலே சாரதாம்பாளுக்குப் புரிந்துவிடும்.

"இன்னிக்கேவா?"

"ஆமாம்மா. இப்பத்தான். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்கோ. நான் வழக்கம்போல இங்கேயே இருந்துட்டு வரேன்."

தாட்சாயிணி தங்கையின் முகத்தைச் சட்டென்று பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலி டம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள்.

சாரதாம்பாள் பெருமூச்சு விட்டாள். அப்புறம் சிரித்தாள். "சரி போ, இதுவும் ஒரு நல்லதுக்குத்தான். சாயங்காலமே மெஷின் வந்துடறதே! இன்னிலேர்ந்தே ஆரம்பிச்சுடலாம். நீ முன் சீட்ல உக்காந்துக்கோ. நான் ஆத்துக்குப் போய் ஸ்நானம் பண்ணிக்கறேன். தாட்சாயிணி, இவ சாமானெல்லாம் இங்க இருக்குமே, எடுத்துக் குடுத்துடும்மா. இனிமே எதுக்கு இங்க?"

தாட்சாயிணி நைட்டியையும் நாவலையும் ஒரு துணிப்பையில் போட்டாள். டூத் பிரஷ்ஷைக் கொண்டுவந்து அதற்கு மேலே வைத்தாள். பையை வாங்கிய தங்கையின் கையை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

காரில் பின் சீட்டிலிருந்து சாரதாம்பாள் கட்டில் எங்கே போடுவது, கொசுவலை எப்படிக் கட்டுவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சிவராம் சந்தோஷமாக ஓட்டினான். பிரியம்வதா மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். எதிரே கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இப்போது மூன்று நாள் பொய்க்காகக் கொல்லையில் கிடக்க வேண்டும். தலைக்குக் குளித்து அடுக்களைக்குள் போன கையோடு நிஜமாகவே வரும். வந்தால் யாரிடம் சொல்வது? ஒருவரிடமும் சொல்ல முடியாது. வயிற்று வலியோடு, நைவேத்தியத்துக்கும் அவள்தான் நிற்க வேண்டும். அதைத் தப்பென்று நம்புகிறாளோ இல்லையோ, மாமனார் கைகூப்பும்போது அவள் நெஞ்சு பதறத்தான் போகிறது. 

சாயங்காலம் கடை வண்டி சந்துக்குள் நுழைந்தது. இரண்டு ஆட்கள் அட்டைப்பெட்டியை இறக்கினார்கள். கனகசபேசன் வாசலில் நின்று, "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்.

"எங்கம்மா வெக்கணும்?" என்றார் கூட வந்த கதிர்வேல்.

"என் மாட்டுப்பொண்ணு காட்டுவா. எல்லாம் அவ யோசனைதான்" என்றாள் சாரதாம்பாள் பெருமையாக.

பிரியம்வதா வீட்டுக்குள் போகக்கூடாதாகையால், பக்கத்துச் சுவரோடு இருக்கும் குறுகிய நடை வழியாகக் கொல்லைக்குப் போனாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஈரச் சிமெண்டு தரையில் விரலை நீட்டி இடத்தைக் காட்டினாள்.