நாற்பத்தேழு, நடுங்கு!

பதினோரு வருடமாக நான் சோறு தின்றது குனிந்து செய்கிற தொழிலில். டொலீடோ ஹெரன்ஸ் அணியில், கையாலும் எறிந்து ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தில், நாற்பத்தேழாம் எண் சட்டை. உதைக்கிறவன் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வேண்டுமானால், முதலில் ஒருவன் குனிந்து இரண்டு கால்களுக்கு நடுவே அதைப் பின்னால் எறிய வேண்டும். எட்டு கஜம் தள்ளி மண்டியிட்டிருப்பவன் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்த வேண்டும். அப்புறம்தான் உதை. எறிகிறவன் நான். ஒழுங்காக எறிந்தால் ஒரு பயலுக்கும் என் பெயர் தெரியாது. டெலிவிஷனில் நாடே என் பின்பக்கத்தைத்தான் பார்த்தது. முகத்தை என் மாமியாரே அடையாளம் சொல்ல மாட்டாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

இந்த சீசனில் வென்டல் க்ரூபா என்ற என் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவன் ஸ்டெர்லிங் ஹேட்லி.

ஹேட்லி எங்கள் மேனேஜர். யாரை எடுப்பது, யாரைத் துரத்துவது எல்லாம் அவன் கையெழுத்துதான். இரண்டு வருடம் முன்பு, கல்லூரிப் பிள்ளைகளை அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் நாளில், நூறு பேர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கோல்பி ரென்னர் என்ற பையனை எடுத்தான். அணியை நடத்தப் போகிறவன், பந்து எறிவதில் புலி என்றான். புலி முதல் மாதத்திலேயே பூனையாகிப் பெஞ்சில் உட்கார்ந்தது. சும்மா இருக்கிறானே என்று, நான் எறிகிற பந்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள்.

செப்டம்பரில் மூன்றாவது ஆட்டம். நல்ல மழை. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், மூன்று விநாடி பாக்கி. உதை உள்ளே போனால் மூன்று புள்ளி, வெற்றி. நான் எறிந்தேன். கோல்பியின் இரண்டு உள்ளங்கையிலும் போய் உட்கார்ந்தது பந்து. அவன் நழுவ விட்டான். மழையில் டெலிவிஷன் பார்த்தவர்களுக்கு யார் தப்பு என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும். மறுநாள் வீடியோ அறையில் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார்கள், ஐம்பது பேர் பார்த்தோம். ஆனால் அந்த அறையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது, அது எங்கள் கட்டுப்பாடு. கூட ஆடுகிறவனைப் பத்திரிகைக்காரனிடம் காட்டிக்கொடுக்கிறவனை எந்த அணியிலும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் வாய் திறக்காது என்று ஹேட்லிக்கும் தெரியும். தான் எடுத்த பையன் சொதப்பினான் என்று வெளியே வந்தால் அவன் நாற்காலி ஆடும். அதனால் அன்று சாயங்காலமே ரேடியோவில் உட்கார்ந்தான்.

"பாவம் வென்டல். கை நடுங்குதுங்க. வயசு முப்பத்தாறு ஆச்சு... அதோட பழைய பழக்கம் ஒண்ணு இருக்கு, அதப்பத்தி நான் பேசக் கூடாது."

நான் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. விட்டதை இந்த ஊரில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தேன். ஒருத்தி என் மனைவி மார்லீன். இன்னொருவன் ஹேட்லி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, மறைக்கக் கூடாதே என்று நானாகவே சொன்னேன். அன்றைக்கு என் தோளில் தட்டிக்கொடுத்தான், சண்டாளன்.

அதற்குப் பிறகு தோல்விக்கு மேல் தோல்வி. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: அணி நாறிப்போனால் டிக்கெட்டை வீணாக்க மாட்டார்கள், மளிகைக் கடைக் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, வெட்கத்துக்கு அடையாளமாகத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். இந்த வருடம் அந்தப் பைகளில் நாற்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் ஒரு புட்டியும் வரைந்திருந்தார்கள். நான் குனியும்போதெல்லாம் "நாப்பத்தேழு, நடுங்கு!" என்று கோரஸ். கடையில் மார்லீன் பால் எடுக்கத் திரும்பிய நேரத்தில் எவனோ அவள் தள்ளுவண்டியில் விஸ்கி பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். அவள் காருக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அன்றே முடிவு செய்தேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நடுங்கவில்லை என்று ஹேட்லி தன் வாயாலேயே, நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம் வந்தபோது பதினாறில் ஒன்றுதான் ஜெயித்திருந்தோம். எங்களைப் போலவே மேற்கே இன்னொரு அணியும் ஒன்றே ஒன்று ஜெயித்து, சனிக்கிழமையோடு கணக்கை முடித்துக்கொள்ள இருந்தது. இதில்தான் சூட்சுமம். எவன் படு மட்டமோ அவனுக்குத்தான் அடுத்த வருடக் கல்லூரிப் பிள்ளைகளில் முதல் தேர்வு. இருவரும் தோற்றால், லீக் கணக்குப்படி முதல் தேர்வு எங்களுக்கு; நாங்கள் ஜெயித்துவிட்டால் அவர்களுக்கு. அந்த வருடம் டெக்சாஸில் ஒரு பையன் இருந்தான். அவனை எடுப்பவன் பத்து வருடம் கவலையில்லாமல் இருக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனைக் கொண்டுவந்தால் ஹேட்லிக்கு வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஹேட்லி என்னைக் கூப்பிட்டான். மேஜைமேல் புதினா மிட்டாய் ஜாடி. எடுத்துக்கோ என்று என் பக்கம் தள்ளினான்.

"வென்டல், நான் உன்ன ஒண்ணும் கேக்கல. புரியுதா? ஒண்ணுமே கேக்கல. ஆனா ஞாயித்துக்கிழம உன் கை கொஞ்சம் நடுங்கிச்சுன்னு வச்சுக்கோ, ஊர்ல எவனும் ஆச்சரியப்படப் போறதில்ல."

"சரிங்க சார்."

"அடுத்த வருஷமும் நீ இங்கதான். அதுக்கு நான் பொறுப்பு."

"புரியுது சார்" என்றேன். மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் மார்லீனிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "வென்டல்!"

"அவன் நிம்மதியாத் தூங்கட்டும்டி ரெண்டு நாளு. ஞாயித்துக்கிழம அவன் பொழப்புல மண்ண அள்ளிப் போடறேன்."

"உன் பொழப்பும் போகும்ல?"

"போகட்டும்."

 "அப்படின்னா சரி. போறப்ப அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு வந்து எங்கிட்ட சொல்லணும்" என்று மறுபடி கத்தியை எடுத்தாள்.

சனிக்கிழமை மேற்குக்காரர்கள் தோற்றுத் தொலைத்தார்கள். ஞாயிறு மதியம் ஏரிப் பக்கமிருந்து காது மடல் கழன்று விழுகிற மாதிரிக் காற்று. மைதானம் நிறையக் காகிதப் பைகள். எங்களவர்களுக்கு என்ன வந்ததோ, அன்றைக்குப் பார்த்துக் காளை மாதிரி ஆடினார்கள். எங்கள் பயிற்சியாளருக்குத் திங்கட்கிழமை சீட்டுக் கிழியப் போகிறது என்று நிச்சயமாகத் தெரியும். அவரும் யாருக்கும் பயப்படாமல் ஆட வைத்தார். நாலு விநாடி பாக்கி இருக்கும்போது ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். நாற்பத்தெட்டு கஜ உதை. பயிற்சியாளர் எங்களை உள்ளே அனுப்பினார்.

அறுபதாயிரம் சொந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, தங்கள் அணி தோற்க வேண்டும் என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன்.

"நாப்பத்தேழு, நடுங்கு! நாப்பத்தேழு, நடுங்கு!"

நான் குனியப் போகும்போது விசில் அடித்தது. உதைக்கிறவனுக்குப் பயம் பிடிக்கட்டும் என்று எதிரணி வேண்டுமென்றே ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்தியது. எல்லாரும் செய்வதுதான். எங்கள் உதைக்காரன் ஓஸ்வால்டோ தன் பாட்டுக்குக் காலை உதறிக்கொண்டு தள்ளிப் போய் நின்றான். கோல்பி என் பக்கத்தில் வந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணே, உங்களயும் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். நீ?"

"நானும் சரின்னேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தலைக்கவசத்தின் முன்கம்பியைப் பிடித்து இழுத்தேன். "இங்க பாருடா. செப்டம்பர்ல நீ விட்ட. மூணு மாசமா ஊரே எம்மேல காறித் துப்புது. என் பொண்டாட்டியப் போய் அசிங்கப்படுத்துனானுங்க. உன் பேர நான் எவன்கிட்டயாச்சும் சொன்னனா?"

"இல்லண்ணே."

"இன்னிக்கு விட்டேன்னு வையி, அறுபதாயிரம் பேருக்கு முன்னாடி உன் பல்ல ஒண்ணொண்ணாக் கழட்டுவேன்."

அவன் அழுகிறானா, காற்றில் கண் கலங்கியதா தெரியவில்லை. "போடுங்கண்ணே. எங்க வேணா போடுங்க, செத்தாலும் விட மாட்டேன்" என்றான்.

குனிந்தேன். கால்களுக்கு நடுவே உலகம் தலைகீழாகத் தெரிந்தது: கோல்பியின் நீட்டிய கை, அவனுக்குப் பின்னால் ஓஸ்வால்டோ, எல்லாவற்றுக்கும் மேலே மேனேஜர் உட்காருகிற கண்ணாடி அறை, அதில் கோட்டுப் போட்ட ஒரு உருவம். பார்த்துக்கோடா என்று வாய்க்குள் சொல்லி எறிந்தேன். பந்து நேரே அவன் கைக்குப் போனது. பிடித்தான், நிறுத்தினான். ஓஸ்வால்டோ உதைத்தான். காற்று அதை இடது பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. கம்பத்துக்கு ஒரு சாண் உள்ளே போய் விழுந்தது.

ஜெயித்த அணிக்குச் சொந்த மைதானத்தில் அப்படி ஒரு ஊளைச் சத்தம் கிடைத்ததை நான் பார்த்ததே இல்லை. பீர் கோப்பைகள் பறந்து வந்தன. பைகளைக் கழற்றிக் கசக்கி எறிந்தார்கள். டெக்சாஸ் பையன் மேற்கே போய்விட்டான் என்று ஒரு கிழவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். என் காலடியில் வந்து விழுந்த பை ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நாற்பத்தேழு, பக்கத்தில் புட்டி. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தால் அங்கே யாரையும் காணோம். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. குழந்தை பிறந்த அன்றுகூட நான் அப்படிச் சிரிக்கவில்லை.

சீசன் முடிந்த திங்கட்கிழமை எல்லாருக்கும் கறுப்புக் குப்பைப் பை கொடுப்பார்கள், லாக்கரை காலி செய்ய. எட்டு மணிக்கு என்னை விலக்கிய காகிதம் வந்தது, அடியில் ஹேட்லியின் கையெழுத்து. அவன் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான். ஒன்பது மணிக்கு முதலாளி அவனை வரச் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொண்டோம். அவன் கையில் அட்டைப்பெட்டி, மேலே புதினா மிட்டாய் ஜாடி. என் தோளில் குப்பைப் பை. வெளி கேட்டில் ரேடியோக்காரர்கள் மைக்கை நீட்டியபடி நின்றார்கள். காவலாளிகள் இருவர் கேட்டைத் திறக்காமல் எங்களையே பார்த்தார்கள்.

"சந்தோஷமா? உன் வேலையும் சேந்துதான் போச்சு, முட்டாளே" என்றான்.

"ரொம்ப சந்தோஷம் சார்." கோட்டுப் பையிலிருந்து நேற்றைய காகிதப் பையை எடுத்து, கையை முழுசாக நீட்டி அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். காற்று அப்படி அடித்தும் என் கை அசையவில்லை. "கை நடுங்குதா பாருங்க."

"வழிய விடு."

"காருக்கு முன்னாடி நான்தான நிக்கிறேன். சொல்லிட்டுப் போங்க. நடுங்குதா?"

பார்த்தான். கேட்டைப் பார்த்தான். மறுபடி என் கையைப் பார்த்தான்.

"இல்ல."

"சத்தமா சார். ரேடியோவுல சொன்னீங்களே, அந்த மாதிரி."

"நடுங்கல! உன் கை நடுங்கல, போதுமா? என்னிக்குமே நடுங்கல!" என்று கத்தினான். கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் மைக்கை எங்கள் பக்கம் திருப்பினார்கள்.

பையை அவன் பெட்டியில், மிட்டாய் ஜாடிமேல் வைத்தேன். "மூஞ்சிய மூடிக்கங்க சார். அந்தக் கேட்டத் தாண்டித்தான் போகணும்" என்று வழியை விட்டேன்.