வெள்ளை மேல் வெள்ளை

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. கதாநாயகி என் அண்ணி. நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் ஊர் நம்பாது என்று தெரியும். நம்பாவிட்டால் போங்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது, எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: ஒளி என்பது...

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.)

தொடக்கம் இரண்டு: அண்ணி ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் வேலையில் சேர்ந்திருந்தார். மூன்று மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று முதலாளி சொல்ல வேண்டும். அன்றைக்குப் பார்த்து அந்தப் படம் வந்தது: படிப்பை முடித்த அறுபத்திரண்டு நர்சுகள், எல்லோரும் வெள்ளைச் சீருடையில். முன்னூறு பிரதி.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, படம் அழுது வடியுது? ஏத்து, நல்லா ஏத்து." அவரே மவுஸைப் பிடித்து வெளிச்சத்தை ஏற்றினார்.

அண்ணி பார்த்தது படத்தை அல்ல, மூலையில் இருந்த ஹிஸ்டோகிராமை.*

* படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று எண்ணிக் காட்டும், மேடு போன்ற வரைபடம். இடது ஓரம் பூஜ்யம், கருப்பு. வலது ஓரம் 255, வெறும் வெள்ளை. மேடு வலப்பக்கச் சுவரில் போய் முட்டினால் அங்கே இருந்த விவரமெல்லாம் போச்சு. (எனக்கு மூன்றாவது முறை விளக்கியபோதுதான் மண்டையில் ஏறியது.)

"சார், வெள்ளையெல்லாம் சுவத்துல முட்டுது. படம் சரியாத்தான் இருக்கு. யாரோ மானிட்டர் வெளிச்சத்தக் கொறச்சு வெச்சிருக்காங்க."

"இருபது வருஷமா பாக்குற கண்ணும்மா இது."

"முதல் வரிசைல நடுவுல நிக்கிற பொண்ணப் பாருங்க. முதல் மார்க் வாங்கினதுக்கு வெள்ளைப் பட்டுல ஒரு பூ குத்தியிருக்காங்க. இப்ப அது எங்க?"

பூ இல்லை. சீருடையோடு கரைந்து போயிருந்தது.

"அவங்கம்மா மொதல்ல அதத்தான் தேடுவாங்க சார். இத நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்."

நானாக இருந்தால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அனுப்பியிருப்பேன். அதனால்தான் இந்த வரியை எழுதும்போது எனக்குத் தலை நிமிர்கிறது.

4

இந்த இடத்தில் முதலாளியைக் கொடுங்கோலனாக எழுதி அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அவர் ஒண்ணும் கத்தலடி. நீயும் ரொம்ப ஏத்திட்ட, கொற" என்றார். அந்த வரிகளை அடித்துவிட்டேன். முதலாளி கத்தவில்லை. காது மட்டும் சிவந்தது. (காது என் சேர்க்கை. விடமாட்டேன்.)

அண்ணி இரண்டு மாதிரி அச்சு எடுத்தார்: முதலாளி ஏற்றியது ஒன்று, தான் வைத்திருந்தது ஒன்று. முதலாளி இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

5

முடிவு அ: "இனிமே இங்க எல்லாம் நீதாம்மா" என்று கண் கலங்க... (சினிமா.)

முடிவு ஆ: "நாளையிலிருந்து வராதே" என்று... (மனசு வரவில்லை.)

உண்மையில் அவர் செய்தது இதுதானாம்: திரும்பி வந்து மானிட்டரின் வெளிச்சத்தைச் சரிசெய்தார். அண்ணியின் படத்தையே முன்னூறு பிரதிக்கு அனுப்பினார். வேலையைப் பற்றி மூச்சு விடாமல் ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

"அப்ப நாளைக்குப் போவீங்களா அண்ணி?"

"போகாம? என் மூக்குக் கண்ணாடி அங்க மேசை மேலதான இருக்கு."

"மறந்து வெச்சிட்டா வந்தீங்க?"

அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "மறந்துட்டேன்னு எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.