ஜின்சிக்காக ஒரு ஜெபமாலை

முட்டம் துறைமுகத்தில் இரவெல்லாம் ஐஸ்பெட்டி சுமந்துவிட்டு வந்த ஞானதாசன் அன்று படுக்கவில்லை. மகள் ஜின்சிக்குப் பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் இண்டர்வியூ. திருவனந்தபுரத்து சாஃப்ட்வேர் கம்பெனி. இதற்கு முன்னால் இரண்டு கம்பெனி பார்த்தாயிற்று. ஒன்றில் பாதியில் கரண்டு போனது. இன்னொன்றில் கேள்வி கேட்க வேண்டிய ஆளே வரவில்லை. ஒன்றரை மணி நேரம் பிள்ளை வெறும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தாள்.

“ஒரு சத்தம் கேக்கப்பிடாது அப்பா. பக்கத்துல ஆள் நிண்ணு பதில் சொல்லித் தருதுன்னு நெனச்சு வெளிய தள்ளிருவாவ” என்று ஜின்சி சொல்லியிருந்தாள்.

ஆகவே ஞானதாசன் தெருக்காவலுக்கு இறங்கினான். பக்கத்து வீட்டு ரெஜிலாவிடம் மிக்சி போடாதே என்றான்.

“தேங்கா அரைக்காம கொழம்பு எப்பிடி அண்ணே வைக்க? ஒம்ம மவளா வந்து வைப்பா?”

அதையும் பொறுத்துக்கொண்டான். காய்கறி ஆட்டோக்காரனைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். கூவிய சேவலைச் சாக்குக்குள் போட்டான்.

பத்தேகால். ஜன்னல் வழியே ஜின்சியின் இங்கிலீஷ் தட்டாமல் தடுமாறாமல் வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று அவன் சுவரில் சாய்ந்தான். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

“அன்பான இறைமக்களே! ஞானதாசன், செசிலி தம்பதியரின் மகள் ஜின்சி இப்போது இண்டர்வியூவில் இருப்பதால், அவளுக்காக எல்லாரும் ஒரு ஜெபமாலை சொல்லுவோம்.”

செசிலி! காலையிலேயே முக்காடு போட்டுக்கொண்டு போனது இதற்குத்தானா? ஞானதாசன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். கோயிலில் அவன் கூட்டாளி முத்துநாயகம் மைக் முன்னால் கண்ணை மூடி நின்றான்.

“ஏலே, மைக்க அணைலே! ஒனக்க செபத்துல எனக்க மவளுக்க வேல போச்சுலே!”

அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.

“ஒனக்க பெண்டாட்டி சொல்லித்தானல செய்தேன்!”

அதுவும் கேட்டது.

வீட்டில் ஜின்சி கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“போச்சா மக்கா?”

“அந்த சாருக்குத் தமிழ் தெரியும்பா. சிரிச்சுட்டாரு. ‘ஊர் அமைதியான பொறவு பேசுவோம்’னு நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னாரு. ஆனா அதுதான் கடைசி வாய்ப்பாம்.”

ஞானதாசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாரத்தின் மடிப்பை இறக்கிவிட்டு உட்கார்ந்தான்.

“அம்மைய எங்க?”

“இப்பதான் வந்தா. நாளைக்குன்னு கேட்டதும் திரும்பக் கோயிலுக்கு ஓடுனா.”

ஒலிபெருக்கி கரகரத்தது.

“அன்பான இறைமக்களே! நாளைக் காலை பத்து மணிக்கு...”

ஞானதாசன் எழுந்து சாரத்தை மறுபடி மடித்துக் கட்டினான்.