பத்முவில் சனி ஞாயிறு

பருப்புப் பொடியை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவார்களா என்பதுதான் ராயப்பன் கடைசியாகக் கேட்டது. வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். பாக்கியம் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஆஷ்லினிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவரும் சரியென்று, இரண்டு பாஸ்போர்ட்டையும் நகல் எடுக்கப் பசுமலை பஸ் ஸ்டாப் பக்கம் இறங்கிப் போனார். டீ ஆறுவதற்குள் திரும்பிவிடுகிற தூரம்தான்.

நகல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கடைக்காரர் ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். நகல்கள் சுத்தமாக வந்திருந்தன.

அவர்கள் போகவிருந்தது கிரேக்க நாட்டுக் கடலில் இருக்கும் பத்மு தீவுக்கு. இயேசுவின் சீடர் யோவானை நாடு கடத்திய தீவு என்று சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்ட பெயர். ராயப்பன் பூகோள வாத்தியார். வருடா வருடம் பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளியை அட்லஸில் தொட்டுக் காட்டியிருக்கிறார். மொட்டைப் பாறையும் முள்ளுமாகத்தான் அது அவர் மனசில் இருந்தது. ஓய்வு பெற்று நாலு வருடம் கழித்து ஒரு நாள் போனில் படம் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக வீடுகள், நீலத் தண்ணீர், கரையோரம் குடை போட்டு மீன் சாப்பிடுகிற ஆட்கள், பளீரென்ற வெயில்.

“யோவானை இங்கயா தண்டனைக்கு அனுப்புனாங்க? நம்மளையும் ஒரு வாரம் தண்டிக்கட்டும்” என்றார்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவந்து திட்டம் போட உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் பாடக்குறிப்பு எழுதிய கை. சுற்றுலாவையும் அப்படித்தான் எழுத வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் நோக்கம், துணைக்கருவிகள், செயல்பாடு, மதிப்பீடு என்று கட்டம் போட்டார். யோவான் தங்கிய குகையைப் பார்க்கும் நாளுக்குத் துணைக்கருவிகள் தண்ணீர் பாட்டில், தொப்பி, முழங்கால் தைலம். மதிப்பீடு: மேலே ஏறுவதற்குள் எத்தனை முறை உட்கார்ந்தோம்?

பாக்கியம் அதே பள்ளிக்கூடத்தில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. திங்கட்கிழமை தோறும் புருசனின் பாடக்குறிப்பையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து வாங்கி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டவள். இந்த நோட்டையும் அவர் பவ்யமாகக் கொண்டுவந்து நீட்டினார். அவளும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வாசித்து, ஒரே நாளில் இரண்டு மலை ஏறுவதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகுதான் நோட்டு சிம்மக்கல்லில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அழகுராஜாவிடம் போனது. அவனும் ராயப்பனிடம் படித்தவன்தான்.

அடக்கம் முடிந்து ஆறு வாரம் கழித்து அந்த நோட்டையும் விசா தாள்களையும் திருப்பி வாங்கிவரப் பாக்கியம் டவுன் பஸ் ஏறினாள். பயணம் இல்லை என்று முடிவு பண்ணியாகிவிட்டது. ஆஷ்லினும் பெங்களூரிலிருந்து அதையேதான் சொன்னாள். சென்னை விசா அலுவலகத்தில் கொடுத்திருந்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டு வரவேண்டும்.

அழகுராஜா எழுந்து நின்றான். நரை விழுந்த பிறகும் டீச்சரைக் கண்டால் அவனுக்கு உட்கார வராது. ஃபைலை எடுத்து நீட்டியவன் அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றான்.

“டீச்சர், சார் ஒரு விசயம் சொல்லிச் சிரிச்சாரு. இப்பச் சொல்லலாமான்னு தெரியல.”

“சொல்லு தம்பி.”

“ஒவ்வொரு நாளும் எங்க இருப்பீங்கன்னு விசாக்காரங்க கேப்பாங்க. நோட்டைப் பாத்தா வெள்ளிக்கிழமைக்கு அடுத்தது திங்கக்கிழமை. சனி ஞாயிறே இல்ல. சார் தவறுனதுக்கு முந்தின நாள்தான் போன் போட்டு, சார், அந்த ரெண்டு நாளும் எங்க இருக்கப் போறீங்கன்னு கேட்டேன்.”

பாக்கியம் நோட்டைப் பிரித்தாள். வெள்ளி. அடுத்த பக்கம் திங்கள். பாடக்குறிப்பில் சனி ஞாயிறு ஏது? எழுதியவருக்கும் தோன்றவில்லை, வரி வரியாகத் திருத்தியவள் கண்ணிலும் படவில்லை. கீழே பச்சை மையில் அவள் கையெழுத்து.

“என்ன சொன்னாரு?”

“எச்.எம். அம்மாவே கையெழுத்துப் போட்டாங்கடா, அப்ப சனி ஞாயிறு பத்முவுக்கே லீவுதான்னாரு. இப்ப அவகிட்டச் சொல்லிறாத, ஞாயித்துக்கிழமை மக வருவா, அவ முன்னாடி வச்சு மானத்தை வாங்கணும்னாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஷ்லின் வந்திருந்தாள், கல்லறைக்கு. பாக்கியத்துக்கு அழுகை வரும் என்றுதான் அழகுராஜா டம்ளரில் தண்ணீர் எடுத்தான். வந்தது சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கீழே மொத்தக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

விசா தேதியை இப்போதைக்கு ரத்து செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு நோட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்கென்று அவர் அந்த இரண்டு நாளை விட்டுவைத்தார் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய். மனுசன் மறந்துதான் போயிருந்தார். மற்ற நாட்களையெல்லாம் படித்துப் பார்த்தாள். பாறை வகை, காற்றின் திசை, குகை, மடம் என்று அத்தனையும் அவர் ஆசை. அவளுக்கு அங்கே என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் அவளுக்கே தெரிந்திருக்கவும் இல்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தனித்தாளில் கட்டம் போட்டாள். சனிக்கிழமை, நோக்கம் என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: கடலில் இறங்குதல், இடுப்பளவு வரை. பள்ளிக்கூடச் சுற்றுலா போன ராமேஸ்வரத்தில்கூடப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே கரையில் நின்றவள் அவள். துணைக்கருவிகள்: பழைய சுடிதார், துண்டு. மதிப்பீடு: தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுலபமாக வந்தது. காலையில் கோயில். பாஷை புரியாது, எல்லோரும் எழுந்தால் எழுந்துகொள்ளலாம். மதியம் மீன். அப்புறம் தூக்கம்.

போனில் ஆஷ்லினிடம் பத்முவுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அப்பா இல்லாமல் அங்கே போய் என்ன செய்வாய் என்றாள் மகள். பாக்கியம் அந்தத் தாளை அப்படியே வாசித்துக் காட்டினாள்.

“இடுப்பளவா?”

“இடுப்பளவுதான். நீ வந்தா கழுத்தளவு.”

ஆஷ்லின் மூக்கை உறிஞ்சினாள். அப்பா பெயரிலிருந்த டிக்கெட்டைத் தன் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். அது முடியாது, புதிதாகத்தான் போடவேண்டும் என்றான் அழகுராஜா. புதிதாகவே போட்டார்கள். விசா தேதியை மட்டும் ஒரு வாரம் தள்ளி இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கினான்.

அவன் கடைசியாகத் திட்டத்தைத் தட்டச்சு செய்தபோது பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கிழமையையும் விரல் விட்டு எண்ணினாள். எட்டு நாள், ஒன்றும் விடுபடவில்லை. அந்த நேரம் ஆஷ்லின் போனில் கூப்பிட்டாள். அம்மாவுக்கு அலைச்சல் இல்லாமல் ஏதென்ஸிலிருந்து தீவுக்கு நேராக விமானம் இருக்கிறதா என்று விசாரித்தாள்.

அழகுராஜா கணினியைப் பார்க்கவேயில்லை. “சாரும் இதைத்தான் கேட்டாரு. அங்க ஏர்போர்ட்டே கெடையாது. கப்பல்தான்.”