சாய்வு பாயின் அலமாரி

பழைய மரச்சாமான் கடைக்காரரை எல்லோரும் சாய்வு பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் தலை தெரிந்தால் போதும், மனிதர் ஓடிப்போய் ஒரு தேக்கு அலமாரியின் மேல் முதுகைச் சாய்த்துக்கொள்வார். இல்லாவிட்டால் அதன் கதவு தானாகத் திறந்து மானத்தை வாங்கிவிடும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அடுப்படிக்குப் போகிற வழியை அலமாரி அடைத்துக்கொண்டு நின்றது. "இந்த வாரம் இது போகலைன்னா நீங்க இதுக்குள்ளயே படுத்துக்கோங்க," என்று மனைவி சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

அந்த நேரம் பார்த்தா பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை பயானில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்? குறையை மறைத்து விற்ற காசு ஹராம், அது திருட்டுக்குக் கூடப்பிறந்தது என்றார். சாய்வு பாய்க்கு முதுகு கூசியது.

மறுநாள் இஸ்திரிக்காரர் வந்தார். பாய் சாயவில்லை. "முன்னாடியே சொல்லிடறேன். இந்தக் கதவு மூடி நிக்காது, தானா திறந்துக்கும்."

இஸ்திரிக்காரர் முகம் மலர்ந்தது. "எனக்கு எப்பவும் ரெண்டு கையிலயும் மடிச்ச துணி, பாய். தானா திறந்தா வேறென்ன வேணும்?" கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பாய்க்கு அன்று வீட்டில் ராஜ உபசாரம்.

அடுத்த நாளே அலமாரி திரும்பி வந்தது. "என்ன பாய், இப்படி ஏமாத்திட்டீங்க? இழுத்தாத்தான் திறக்குது."

இறக்கி வைத்ததும் கதவு ஜோராகத் திறந்தது. நியாயம் சொல்ல வந்த ஹஜ்ரத் தரையில் ஒரு கோலிக்குண்டை விட்டார். அது உருண்டு தெருவுக்கே போய்விட்டது.

"அலமாரி நல்ல அலமாரி. உங்க தரைதான் சரிவு. இல்லாத குணத்தைச் சொல்லி வித்திருக்கீங்க, பணத்தைத் திருப்பிக் கொடுங்க. இனிமே உள்ளதைச் சொல்லி வில்லுங்க."

மனைவி தலையணையோடு வந்து நின்றார். நல்ல வேளையாக இன்னொருவர் கடைக்குள் நுழைந்தார்.

பாய் நிமிர்ந்து நின்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனசில் கள்ளமில்லாமல் சொன்னார்: "ஒரு குறையும் இல்லாத அலமாரிங்க."

பின்னால் கதவு மெல்லத் திறந்தது.

"தரைதாங்க சரிவு. அல்லா மேல ஆணையா."

வந்தவர் கதவைப் பார்த்தார். பாயையும் ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே சாய்வு பாய்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மனைவி தலையணையை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்.