ஆளில்லாத காடு

"மூடியக் கழட்டினதும் எல்லாரும் நடக்கணும். இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துகிட்டே இருக்கணும். எவனாவது நின்னீங்க, முதுகுத் தோல உரிச்சுப்புடுவேன்!" புகையிலைக் கம்பெனியின் கங்காணியான மண்டோர் பிரம்பை ஆட்டிக்கொண்டு கத்தினான். படம் பிடிக்கும் துரை கேமராவின் மூடியைக் கழற்றினார். ஊர் நடக்கத் தொடங்கியது.

ருமென்டா மட்டும் துரியான் மரத்தடியில் நின்றுவிட்டாள். அது அவள் மாமனார் நட்ட மரம். இந்தச் சுமாத்ராக் காட்டில் யாரும் நடாமல் துரியான் நிற்காது. நிலத்துக்கு அவர்களிடம் வேறு பத்திரம் கிடையாது. ஆனால் கம்பெனி மரத்தையா பார்க்கும், படத்தைத்தானே பார்க்கும். போன வருஷம் கீழூரையும் இப்படித்தான் நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை மண்டோர் சந்தையில் காட்டிப் பீற்றிக்கொண்டபோது அவளும் எட்டிப் பார்த்தாள். கறுத்த மரங்கள், கொடிகள், நடுவே பனி போல ஒரு வெளுப்பு. நடந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அசையாமல் தூங்கிக்கிடந்த நாய் ஒன்று மட்டும் காது மடலோடு தெளிவாக விழுந்திருந்தது. ஆளில்லாத காடென்று சொல்லிக் கம்பெனி கீழூரை வாங்கிக்கொண்டது. பாழாய்ப்போன அந்த நாய் அவள் மனதை விட்டுப் போகவே இல்லை.

செவ்வெறும்புகள் தொடைக்கு ஏறின. புருஷன் ஜெண்டி பக்கத்தில் கடந்துபோகும்போது பல்லைக் கடித்தான்.

"அடியே, கால நகட்டுடீ! உன்னால நானும் அடி வாங்கணுமா?"

பதில் சொன்னால் வாய் அசையும். மண்டோர் பாயப் பார்த்தான். நின்று அடித்தால் அவனும் படத்தில் விழுந்துவிடுவான் என்று துரை தடுத்துவிட்டார்.

மூடியை மாட்டிவிட்டு இருட்டுக் கூடாரத்துக்குள் போன துரை, படம் விழுந்த ஈரக் கண்ணாடியோடு வெளியே வந்தார். அதில் மரத்தடியில் அவள் நின்றது நின்றபடி இருந்தாள். துரை அவளைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரலால் கண்ணாடியில் ஒரே தேய். இன்னொரு கண்ணாடித் தட்டு கொண்டுவரச் சொன்னார்.

பிரம்படி முதுகில் நெருப்பாக எரிந்தது. "இப்ப நடப்பியாடி மகாராணி?" என்றான் மண்டோர்.

நடந்தாள். மூடி கழன்றதும் மற்றவர்களோடு மரம் வரைக்கும் நடந்து, அங்கே நின்றுகொண்டாள். எறும்புகள் இமைக்கு வந்துவிட்டன. பயமாகத்தான் இருந்தது. சருகில் காலடிகள் போயின, வந்தன. முதுகுக்குப் பின்னால் வந்த ஒரு காலடி மட்டும் நின்றது. மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

ஜெண்டியா, மண்டோரா, தெரியவில்லை. அவள் திரும்பவில்லை.